நம்ம ஆளுக்கு நாலு கேள்வி

ஏலே பேராண்டி, இப்படி வந்து திண்ணையில உக்காரு. போனக் கவுத்தி வை. அரை மணி நேரம் நீ பாக்காட்டி உலகம் ஒண்ணும் கவுந்திராது.

நேத்து ராத்திரி டீக்கடையில நீ போட்ட சத்தம் நம்ம வீடு வரைக்கும் கேட்டுச்சு. ‘மீடியா பூரா வெலைக்குப் போயிட்டு, ஒருத்தனுக்காவது தட்டிக் கேக்க முதுகெலும்பு இருக்கா?’ன்னு பெஞ்சத் தட்டித் தட்டிப் பேசுன. நல்ல ஆவேசம். என் வயசுக் கெழடுக நாலு பேரு தலையாட்டிக்கிட்டே இருந்தாங்க. அதுல ரெண்டு பேருக்குக் காது கேக்காது, அது வேற விஷயம்.

வெலைக்குப் போன சேனலுன்னு நீ ஒரு பட்டியல் வாசிச்ச பாரு, அத நானும் விரல் விட்டு எண்ணிக்கிட்டேதான் வந்தேன். ஒரே ஒரு பேரு மட்டும் விட்டுப்போச்சு. ஒங்க கட்சி சேனலு! அது மட்டும் எப்படிடே தப்பிச்சுது? ‘கட்சிச் சேனலு அப்படித்தான் தாத்தா இருக்கும்’ங்க. சரிதான். அடுத்த வீட்டுச் சேனலு பொய் சொன்னா துரோகம், நம்ம வீட்டுச் சேனலு பொய் சொன்னா விசுவாசம். மாமியா உடைச்சா மண்குடம், மருமவ உடைச்சா பொன்குடம்னு சொன்ன கெழவி இன்னைக்கு உசுரோட இருந்தா, அவளையும் ஒரு விவாத மேடையில ‘அரசியல் விமர்சகர்’னு போட்டு உக்கார வச்சிருப்பாங்க.

எங்க காலத்துல இந்தக் கொழப்பமே கெடையாது. பஞ்சாயத்து ஆபீசுல ஒரு டிவிப் பெட்டி, அதுல தூர்தர்ஷன். டெல்லியில நாற்காலியில யாரு உக்காந்திருக்காரோ அவரு ரிப்பன் வெட்டுவாரு, செடி நடுவாரு, வெளிநாட்டுக்காரங்களுக்குக் கை குடுப்பாரு. எதிர்க்கட்சின்னு ஒண்ணு நாட்டுல இருக்கான்னே தெரியாது. நாங்களும் அதப் பெருசா எடுத்துக்கிட மாட்டோம். செய்தி எப்ப முடியும், வெள்ளிக்கெழம ஒலியும் ஒளியும் எப்ப வரும்னுதான் கண்ணு.

பொறவு 1993 சித்திரை மாசப் பொறப்பு அன்னைக்கு சன் டிவி வந்துச்சு, முரசொலி மாறன் மகன் ஆரம்பிச்சது. 1999-ல ஜெயா டிவி. 2006-ல பா.ம.க. பக்கம் மக்கள் டிவி. 2007-ல கலைஞர் டிவி. 2010-ல விஜயகாந்துக்குக் கேப்டன் டிவி. காங்கிரசுக்காரங்க மட்டும் சும்மா இருப்பாங்களா? தங்கபாலு பக்கம் ஒரு மெகா டிவி, வசந்தகுமார் பக்கம் ஒரு வசந்த் டிவி. கோஷ்டிக்கு ஒண்ணு வேண்டாமா பின்ன! 2018-ல அ.தி.மு.க.வுக்கு நியூஸ் ஜெ.

இதுல ஒரு சங்கதி கவனிச்சியா? கலைஞர் டிவி எப்ப வந்துச்சு? மாறன் வீட்டுக்கும் கலைஞர் வீட்டுக்கும் மனஸ்தாபம் வந்து, சன் டிவி தி.மு.க. கைய விட்டுப் போன பொறவு. நியூஸ் ஜெ எப்ப வந்துச்சு? அ.தி.மு.க. ஒடைஞ்சு, ஜெயா டிவி சசிகலா குடும்பத்தோட போன பொறவு. மக்களுக்குச் செய்தி பத்தலியேன்னு கவலப்பட்டு யாரும் அந்த ரெண்டையும் தொடங்கல. தமிழ்நாட்டுல புதுசா ஒரு சேனல் வருதுன்னா மொதல்ல எந்த வீட்டுல சண்டைன்னு விசாரிக்கணும்.

ஆனாலும் நான் கட்சிச் சேனலக் கொற சொல்ல மாட்டேன். கட்சிக்காரன் வேட்டிக் கரையப் பாத்தா அவன் எந்தப் பக்கம்னு தெரியும்லா? சேனல் மூலையில இருக்க முத்திரையும் அப்படித்தான். கரை தெரிஞ்சா, அவன் சொல்லுததுல எவ்வளவு கழிச்சிக்கிடணும்னு நமக்கும் தெரியும். எனக்குப் பயமெல்லாம் கரையில்லாத வெள்ள வேட்டியப் பாத்துத்தான். ‘நாங்க நடுநெல’ம்பான். மொதலாளிக்குக் காலேஜு இருக்கும், கட்டட வேல இருக்கும், சினிமா இருக்கும். காலேஜுக்கு அனுமதி குடுக்குறது யாரு? சர்க்காரு. வருமான வரி நோட்டீசு அனுப்புறது யாரு? அதுவும் சர்க்காரு. முழுப் பக்க விளம்பரம் குடுக்குறதும் சர்க்காருதான். அந்த விளம்பரத்துல யாரு மொகம் இருக்கணும்ங்குறது சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போன வழக்குடே. 2015-ல, ஜனாதிபதி, பிரதமர், தலைமை நீதிபதி படம் மட்டும் போதும்னு தீர்ப்பு வந்துச்சு. மாநிலங்களுக்கு மனசு கேக்குமா? மறு மனு போட்டாங்க, 2016-ல முதலமைச்சர், மந்திரி படமும் போடலாம்னு ஆயிட்டு. பேப்பர்ல தலைவரு மொகம் அரைப் பக்கம் சிரிச்சிக்கிட்டு இருக்கையில, அடுத்த பக்கத்துல அவரக் கேள்வி கேட்டு எழுத எத்தன மொதலாளிக்குக் கை வரும், சொல்லு?

இப்ப ஒரு பழைய கதையச் சொல்லுதேன். நீ அப்பப் பொறந்திருக்க மாட்ட.

2001-ம் வருசம் ஜூன் 30, சனிக்கெழம, விடியறதுக்கு முந்தி. ஜெயலலிதா அம்மையாரு ஆட்சிக்கு வந்து ரெண்டு மாசங்கூட ஆவல. சென்னையில மேம்பாலம் கட்டுனதுல 12 கோடி ரூவா நஷ்டம்னு மொத நாளு ஒரு புகாரு, மறுநாள் கோழி கூவுறதுக்குள்ள கலைஞரு கைது. அவருக்கு அப்ப 77 வயசு. மத்திய மந்திரிங்க முரசொலி மாறனையும் டி.ஆர்.பாலுவையும் சேத்துப் பிடிச்சாங்க. விடிஞ்சதும் சன் டிவியத் தெறந்தா, வயசான மனுசனப் போலீசு இழுக்குது, அவரு கத்துதாரு. திரும்பத் திரும்ப அதே காட்சி. நாடு முழுக்க அதப் பாத்துது. பொறவு ஜெயா டிவியத் தெறந்தா அதே ராத்திரி, அதே வீடு, ஆனா படம் வேற. மந்திரிமாரு போலீசத் தள்ளுதாங்க, மல்லுக்கு நிக்காங்க.

நம்ம தெருவுல சன் டிவி பாத்த வீட்டுக்காரன், ‘போலீசு அடிச்சதக் கண்ணால பாத்தேன்’னு சாமி மேல சத்தியம் பண்ணான். ஜெயா டிவி பாத்தவன், ‘போலீசு அடி வாங்குனதக் கண்ணால பாத்தேன்’னு அதே சாமி மேல சத்தியம் பண்ணான். சாமி பாவம், அதுக்கு கேபிள் கனெக்சன் கெடையாது.

யாரு பொய் சொன்னாங்கன்னு கேக்க. அங்கதாம்ல சூட்சுமம். ரெண்டு பேரும் காட்டுனது நடந்ததத்தான். எதக் காட்டாம விட்டாங்கங்குறதுலதான் வித்தியாசம். அன்னைக்கு ஒரு குடிமகன் கேக்க வேண்டிய கேள்வி ரெண்டு. ஒண்ணு: மொத நாள் புகாரு குடுத்து, மறுநாள் கோர்ட்டு லீவு வாற சனிக்கெழமயாப் பாத்து, நடுராத்திரியில பிடிக்க அப்படி என்ன அவசரம்? ரெண்டு: மேம்பாலக் கணக்கு உண்மையில என்ன? சன் டிவி மொதக் கேள்வியத் தொண்டை கிழியக் கேட்டுச்சு. ஜெயா டிவி ரெண்டாவதப் பிடிச்சிக்கிடுச்சு. ரெண்டு கேள்வியையும் ஒரே ஆளா நின்னு கேட்டவன ஊருல ரெண்டு கோஷ்டியும் சந்தேகமாத்தான் பாத்துச்சு. அந்தச் சத்தத்துல டெல்லி கோவப்பட்டு, கவர்னரா இருந்த பாத்திமா பீவி அம்மா பதவிய விட்டுப் போனாங்க. மேம்பாலக் கணக்க மட்டும் நம்ம டீக்கடையில ஒருத்தனும் கடைசி வரைக்கும் விசாரிக்கல.

பொய்யக் கண்டுபிடிக்குறது சுளுவு பேராண்டி. கேக்காம விட்ட கேள்வியக் கண்டுபிடிக்கத்தான் புத்தி வேணும். ஆனா ஒனக்கு அதெல்லாம் எதுக்கு? நீ நல்ல தொண்டனாகணும்ல? அதுக்கு வேண்டிய உபதேசம் எங்கிட்ட நெறைய இருக்கு. காசு வேண்டாம், வெத்தல மட்டும் மடிச்சுக் குடு.

மொத உபதேசம்: ரெண்டு வசனத்த மனப்பாடம் பண்ணிக்கோ. எதிராளி மேல கேசு வந்தா, ‘சட்டம் தன் கடமையச் செய்யுது’. நம்ம ஆளு மேல கேசு வந்தா, ‘இது அரசியல் பழிவாங்கல்’. தப்பித்தவறிக்கூட மாத்திச் சொல்லிறாத. 2010-ல அலைக்கற்றை விஷயத்துல 1.76 லட்சம் கோடி நஷ்டம்னு கணக்குத் தணிக்கை அறிக்கை வந்துச்சு, தி.மு.க. மந்திரி ஆ.ராசா பதவி விலகுனாரு, மறு வருசம் கைது. அப்ப ஒரு பக்கம் மொத வசனம், மறு பக்கம் ரெண்டாவது. 2014 செப்டம்பர் 27-ல பெங்களூருக் கோர்ட்டு சொத்துக் குவிப்பு வழக்குல ஜெயலலிதாவுக்கு நாலு வருசச் சிறை, 100 கோடி அபராதம்னு சொல்லிச்சு. ஒடனே வசனம் ரெண்டும் எடம் மாறிக்கிடுச்சு. 2015-ல ஹைகோர்ட்டு விடுதலை பண்ணுச்சு, மறுபடி மாத்து. 2017 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட்டு பழைய தீர்ப்புதான் சரின்னுச்சு, மறுபடி மாத்து. அதே வருசம் டிசம்பர்ல அலைக்கற்றை வழக்குல எல்லாரும் விடுதலை, இன்னொரு மாத்து. சிபிஐ மேல்முறையீட்டுக்குப் போயிருக்கதால இன்னும் மாத்த வேண்டியிருக்கலாம். நாக்கத் தயாரா வச்சிக்கோ.

இதுல வேடிக்கை என்னன்னா, அலைக்கற்றை வழக்குல கலைஞர் டிவிக்கு வந்த 200 கோடியும் ஒரு குற்றச்சாட்டு. அந்த சேனலே அந்த வழக்கச் செய்தியா வாசிக்கணும். சொத்துக் குவிப்பு வழக்குல தண்டனை வாங்குனவங்க பக்கத்துச் சேனல் ஜெயா டிவி. அதுவும் அந்தத் தீர்ப்ப வாசிக்கணும். செய்தி வாசிக்குத புள்ளைங்க பாவம். நல்லா உடுத்தி, பூ வச்சி, தன் மொதலாளி கேச தானே வாசிக்கணும்னா நாக்கு ஒட்டுமா?

ரெண்டாவது உபதேசம்: எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாத. பதிலுக்கு ஒரு கேள்வி போடு. ‘ஏன் பாலம் இடிஞ்சுது?’ன்னா ‘ஒங்க ஆட்சியில ஏரி ஒடையலியா?’ ‘ஏன் ஆஸ்பத்திரியில மருந்தில்ல?’ன்னா ‘ஒங்க ஆட்சியில டாக்டரே இல்லியே!’ சட்டமன்றத்துல பெரிய மனுசங்க இத எவ்வளவு அழகாச் செய்யுதாங்க, பாத்துப் படி. ரெண்டு பேரு தப்பும் சமமாயிட்டா கணக்கு முடிஞ்சுதுன்னு அர்த்தம். இடிஞ்ச பாலத்துல போறவன் மட்டும் கொஞ்சம் பாத்துப் போயிக்கிடணும்.

மூணாவது உபதேசம்: ராத்திரி விவாதத்தக் கண்டிப்பாப் பாரு. நாலு பெட்டியில நாலு பேரு. ஒருத்தரு இந்தக் கட்சி, ஒருத்தரு அந்தக் கட்சி, ஒருத்தரு ‘மூத்த பத்திரிகையாளர்’, ஒருத்தரு ‘சமூக ஆர்வலர்’. அந்த ஆர்வலருக்கு எதுல ஆர்வம்னு அவரு வாயத் தெறந்த பொறவுதான் தெரியும். சூடான கேள்வி விழுந்த ஒடனே நெறியாளரு ‘ஒரு சின்ன எடவேளை’ம்பாரு. திரும்பி வந்ததும் அந்தக் கேள்வி அங்க இருக்காது, எங்க போச்சுன்னு யாரும் கேக்கவும் மாட்டாங்க. நீயும் கேக்காத. எந்தக் கேள்விக்கு எடவேளை விட்டாங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வச்சா ஆறு மாசத்துல அந்தச் சேனல் சாதகமே கைக்கு வந்திரும். அது ஆபத்து. நல்ல தொண்டனுக்கு அது ஆவாது.

நாலாவது: ‘நான் டிவியே பாக்குறதில்ல தாத்தா, யூடியூப்தான்’ங்க. ரொம்பச் சந்தோசம். டிவி மொதலாளி யாருன்னாவது தெரியும். ‘கதறும் தலைவர்! நடுங்கும் கோட்டை!’ன்னு செவப்பு எழுத்துல படம் ஒட்டுத அந்தப் புண்ணியவான் யாரு, அவருக்குச் சம்பளம் யாரு குடுக்காங்கன்னு ஒனக்குத் தெரியுமா? உள்ள போயிப் பாத்தா தலைவரும் கதறல, கோட்டையும் நடுங்கல. அனுப்புன ஒன் கூட்டாளியும் உள்ள போயிப் பாத்திருக்க மாட்டான்.

உபதேசம் போதும். இப்பக் கொஞ்சம் வாய மூடிக்கிட்டு கேளு.

‘ஒருத்தனுக்காவது தட்டிக் கேக்க முதுகெலும்பு இருக்கா’ன்னியே, இருந்தவங்களுக்கு என்ன ஆச்சுன்னு தெரியுமா? 1987-ல ஆனந்த விகடன் அட்டையில ஒரு சிரிப்புப் படம். எம்.எல்.ஏ.வ ஜேப்படிக்காரன் கணக்காவும் மந்திரிய முகமூடிக் கொள்ளைக்காரன் கணக்காவும் கேலி பண்ணியிருந்தாங்க. எம்.ஜி.ஆர். ஆட்சி. சட்டமன்றம் கூடி, ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூணு மாசம் கடுங்காவல்னு சொல்லிட்டு. சிரிப்புக்கு மூணு மாசம்! நாடு பூரா எதிர்ப்பு வரவும் ரெண்டு மூணு நாள்லயே விட்டுட்டாங்க. வருசம் பல கழிச்சு ஹைகோர்ட்டு, அந்தக் கைது செல்லாதுன்னு சொல்லி 1,000 ரூவா நட்டஈடு குடுக்கச் சொல்லிச்சு.

2003-ல ஜெயலலிதா ஆட்சி. இந்து பத்திரிகை ஒரு தலையங்கம் எழுதுச்சு, அத முரசொலி தமிழ்ல எடுத்துப் போட்டுச்சு. இந்துக்காரங்களுக்கும் முரசொலி ஆசிரியருக்கும் 15 நாள் சிறைன்னு சட்டமன்றம் தீர்மானம் போட்டுச்சு. சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டுக் காப்பாத்துச்சு. மவுண்ட் ரோட்டு இந்துவும் முரசொலியும் ஒரே வாரண்டுல மாட்டுனது அந்த ஒரு தடவைதான்னு நெனைக்கேன்.

‘ரெண்டும் அ.தி.மு.க. ஆட்சிதான!’ன்னு கண்ணு மின்னுது ஒனக்கு. பொறு. 2007 மே 9, தி.மு.க. ஆட்சி. கலைஞருக்கு அடுத்த அரசியல் வாரிசு யாருன்னு மாறன் வீட்டுத் தினகரன் பத்திரிகை ஒரு கருத்துக்கணிப்பப் போட்டுச்சு. மதுரை தினகரன் ஆபீசுக்கு ஒரு கும்பல் வந்துச்சு. தீ வச்சாங்க. உள்ள வேல பாத்துக்கிட்டிருந்த மூணு பேரு செத்துப்போனாங்க. இதுல கேலி பண்ண எனக்கு ஒண்ணுமில்லடே. 2009-ல கீழ்க்கோர்ட்டு எல்லாரையும் விட்டுட்டு. 2019-லதான் ஹைகோர்ட்டு மதுரைக் கிளை ஒம்பது பேருக்கு ஆயுள் தண்டன குடுத்துச்சு. அதுக்கு ரொம்ப முந்தியே, 2008 டிசம்பர்ல, பெரிய வீட்டுச் சொந்தங்க சமாதானமாயிட்டாங்க. சேனலு ரெண்டாச்சு, குடும்பம் ஒண்ணாச்சு. அந்த மூணு வீட்டுக்கு என்ன ஆச்சுன்னு எந்தக் கட்சிக்காரன் டீக்கடையில பேசுனான்?

அடுத்து அவதூறு வழக்கு. 2011-லருந்து அஞ்சு வருசத்துல ஜெயலலிதா அரசு போட்டது 200-க்கு மேல. பத்திரிகை மேலயும் போட்டாங்க, எதிர்க்கட்சி மேலயும் போட்டாங்க. விஜயகாந்து வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனப்ப, பொது வாழ்க்கைக்கு வந்தவங்க விமர்சனத்தத் தாங்கிக்கிடணும், அதுக்கு அரசு எந்திரத்த ஏவக்கூடாதுன்னு 2016-ல நீதிபதிமாரு கண்டிச்சாங்க. இது புதுசாச் சொன்னதுமில்ல. 1994-லயே நக்கீரன் பத்திரிகை வழக்குல சுப்ரீம் கோர்ட்டு சொல்லியாச்சு. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் தன் கதைய எழுதி, அதுல அதிகாரிமாரு பேரெல்லாம் வருதுன்னு அச்சாவுறதுக்கு முந்தியே தடுக்கப் பாத்தாங்க. முன்கூட்டியே தடுக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் இல்ல, அதிகாரி தன் வேலையில செஞ்சதப் பத்தி எழுதுனா லேசுல நட்டஈடு கேக்க முடியாதுன்னு தீர்ப்பு. நம்ம ஊரு வழக்கு, நாடே பிடிச்சிக்கிட்டு நிக்குத தீர்ப்பு. ஆனா பாரு, வழக்குப் போட்டவங்களுக்கு ஜெயிக்கணும்னு அவசியமில்ல. எழுதுனவன் வேலைய விட்டுட்டு வருசக்கணக்கா கோர்ட்டு வராந்தாவுல நின்னாலே போதும். அடுத்தவன் எழுதையில பேனா தானாத் தயங்கும்.

ஆட்சிகதான் இத முழுசாச் செய்யுதுன்னு நெனைக்காத. பேனாவத் தயங்க வைக்க ஒன்ன மாதிரி நல்ல தொண்டங்களும் உண்டு. ஒங்க தலைவரப் பத்தி ஒரு நிருபர் கணக்குக் கேட்டு எழுதுனா ஒடனே என்ன செய்யுத? அவன் சாதி என்னன்னு தேடுத. எந்தக் கட்சி கவரு வாங்குனான்னு எழுதுத. கவரு வாங்குதவங்க இல்லாம இல்ல, 2009-ல பிரஸ் கவுன்சிலே காசுக்குச் செய்தி போடுறதப் பத்தி ஆளு வச்சு விசாரிச்சுது. ஆனா வாங்குனவன் யாருன்னு ஒனக்கு எப்படித் தெரியும்? ஒன் தலைவரக் கேட்டான், அதனால வாங்கியிருப்பான். ரெண்டு மாசங் கழிச்சு அதே நிருபர் எதிராளியப் பத்தி எழுதுனா, ‘நேர்மையான பத்திரிகையாளர், பகிரவும்’னு நீயே போடுத. அந்த மனுசன் ரெண்டு தடவையும் செஞ்சது ஒரே வேலதான்ல.

சரி, தாத்தா கொற மட்டும் சொல்லுதாரேன்னு முனங்குத. வழியுஞ் சொல்லுதேன். டிவியத் திருத்த ஒன்னால ஆவாது, என்னாலயும் ஆவாது. ஆனா டிவி இல்லாமலே பெரிய மனுசன் கணக்கப் பாக்க நாலு கதவு தெறந்து கெடக்கு, உள்ள போறதுக்குத்தான் ஆளில்ல.

தேர்தல்ல நிக்குதவன் தன் சொத்து, கடன், கிரிமினல் கேசு, படிப்பு எல்லாத்தையும் எழுதிக் குடுக்கணும்னு 2002-ல சுப்ரீம் கோர்ட்டு சொன்னதுலருந்து அந்தப் பிரமாணப் பத்திரம் எல்லாருக்கும் தெறந்த புத்தகம். தேர்தல் ஆணையத்து இணையதளத்துல இருக்கு. ஒங்க எம்.எல்.ஏ.வோட போன தடவைப் பத்திரத்தையும் இந்தத் தடவைப் பத்திரத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்திருக்கியா? அஞ்சு வருசத்துல தோட்டம் எவ்வளவு வளந்துதுன்னு அவரே கையெழுத்துப் போட்டுச் சொல்லியிருப்பாரு. எதிராளி பத்திரத்த நீ பாத்திருப்ப. அது எனக்குத் தெரியும்.

தகவல் உரிமைச் சட்டம். நாட்டுலயே மொத மாநிலமா 1997-ல தமிழ்நாடுதான் அதக் கொண்டாந்துச்சு, விதிவிலக்கு ஏகப்பட்டது வச்சிருந்தாலும். நாடு பூராவுக்கும் 2005-ல வந்துச்சு. பத்து ரூவா, ஒரு வெள்ளத்தாளு, 30 நாளு. நீ டீக்கடையில ஒரு ராத்திரிக்குச் செலவழிக்குததுல பாதிக் காசு. ஒங்க எம்.பி.க்குத் தொகுதி மேம்பாட்டுக்குன்னு வருசம் அஞ்சு கோடி ரூவா வருது. அது எந்த ஊருல பஸ் ஸ்டாப்பா நிக்குது, எந்த ஊருல பேப்பர்லயே நிக்குதுன்னு கேளு. சேனல் ஆளு வந்து கேப்பான்னு காத்திருக்காத.

தணிக்கை அறிக்கைய வருசா வருசம் சட்டமன்றத்துல வைக்காங்க. டிவியில அது ஒரு நாள் ஓடும், நம்ம கட்சி ஆளாத நேரமா இருந்தா ரெண்டு நாள் ஓடும். ஆளுத நேரத்துலயும் எடுத்துப் படி.

கடைசிக் கதவு நம்ம மந்தையிலயே இருக்கு. கிராம சபை. 2022-லருந்து வருசத்துக்கு ஆறு நாளு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பஞ்சாயத்து வரவு செலவ எழுதி வைக்கணும், வாசிக்கணும், ஊரு கேள்வி கேட்டா பதில் சொல்லணும், தீர்மானப் புத்தகத்துல ஏத்தணும். அங்க நெறியாளரு கெடையாது, எடவேளையும் கெடையாது. வெட்டி ஒட்டிக் காட்டவும் முடியாது, ஏன்னா தலைவரு நமக்கு எட்டுத தூரத்துல உக்காந்திருப்பாரு. போன கூட்டத்துக்கு நீ வரல. ‘வேல இருந்துச்சு’ன்ன. அன்னைக்கு முழுக்க டெல்லி மந்திரியக் கேள்வி கேட்டு ஸ்டேட்டஸ் போட்டுக்கிட்டிருந்த, நான் பாத்தேன். எனக்கும் வாட்ஸ்அப் உண்டுல.

இப்ப விஷயத்துக்கு வாறேன். நம்ம ஊரு பஞ்சாயத்துத் தலைவரு யாரு? ஒன் தாய்மாமன். பஞ்சாயத்துத் தலைவரு தேர்தல்ல கட்சிச் சின்னம் கெடையாதுதான், ஆனாலும் அவரு ஒங்க கட்சின்னு ஊருக்கே தெரியும், ஓட்டுக் கேட்டு வீடு வீடாப் போனதும் நீதான். கெழக்குத் தெரு மோட்டாரு அடிக்கடி ரிப்பேருன்னு கணக்கெழுதியிருக்கு. தண்ணி மட்டும் வரல. தெருவிளக்குக்குப் பல்பு மாத்துனதா எழுதியிருக்கு. நான் ராத்திரி கம்பு ஊனித் தடவித் தடவித்தான் வாறேன். எதிர்க்கட்சி ஆளுங்க இதக் கேட்டா ‘அரசியல்’னு சொல்லி ஒங்க மாமன் சிரிச்சிக்கிட்டே தட்டி விட்டிருவாரு. நீ கேட்டா தட்டி விட முடியாது. தலைவங்க எதிராளி கேள்விக்குப் பதில் வச்சிருப்பாங்க, அதுக்குத்தான் சேனலே வச்சிருக்காங்க. சொந்த ஆளு கேக்குத கேள்விக்குத்தான் அவங்ககிட்டப் பதில் இருக்காது.

என்னல, முழிக்க? மொகம் வேர்க்குது? மீடியாக்காரன் மொதலாளிய எதுக்கக் கூசுதாம்னு பெஞ்ச ஒடைச்சியே, இப்பத் தெரியுதா அவன் ஏன் கூசுதான்னு? அவனுக்குச் சம்பளம் போயிரும், ஒனக்கு மாமன் வீட்டுக் கறிச்சோறு போயிரும். எழவு, அத்தையும் நல்லாத்தான் சமைப்பா, அதையும் ஒத்துக்கிடுதேன்.

இருந்தாலும் வாற ஆகஸ்ட் 15 காலையில குளிச்சு முழுகி வா. நோட்டக் கொண்டா. நாலே நாலு கேள்வி எழுது: மோட்டாரு எத்தன தடவை ரிப்பேராச்சு, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு, யாருகிட்டக் குடுத்தாங்க, ரசீது எங்க? சத்தம் போடாத, பெஞ்சத் தட்டாத, ‘மாமா’ன்னே கூப்பிட்டுக் கேளு. ஒன் மாமன் மொறச்சாருன்னா எங்கிட்ட அனுப்பிவிடு. நானும் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன், அதனாலதான் கேக்கச் சொல்லுதேன்னு அவருகிட்ட நானே சொல்லிக்கிடுதேன்.